பத்திரமாக இறங்க வேண்டுமே!

குழந்தைகளே! விமானம் என்றதும் உங்கள் மனதில் இறக்கைகள்தானே தோன்றும்? அதன் கால்களை நாம் கவனிப்பதே இல்லை. ஓடி மேலே எழும்பவும், பத்திரமாகத் தரை இறங்கவும் உதவும் சக்கரங்கள்தான் விமானத்தின் கால்கள். அந்தக் கால்களைச் சீராக்கப் பாடுபட்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் லூயி பிளேரியோ. 1872ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, பிரான்ஸ் நாட்டின் காம்ப்ரே நகரில் பிறந்தார். பொறியியல் படித்தார். கார்களுக்கு முகப்பு விளக்குகள் தயாரித்து விற்று, நல்ல பணம் சம்பாதித்தார். அந்தப் பணத்தைக் கொண்டு, மரச்சட்டம், துணி, கம்பி ஆகியவற்றால் சொந்தமாக விமானம் செய்யத் தொடங்கினார்.

1906இல், விமானத்தின் அடியில் மிதவைகளைக் கட்டி, ஏரியில் ஓட்டிப் பார்த்தார். எழும்பவில்லை. மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைப் பொருத்தினார். திடலில் ஓட்டியபோது, கல் பாவிய சிறிய வாய்க்காலில் மோதி விமானம் நொறுங்கியது. பறப்பதற்கு முன், தரையிலேயே உடைந்துவிட்டது!

அவர் மனம் தளரவில்லை. மீண்டும் மீண்டும் செய்தார், விழுந்தார், எழுந்தார். 1908இல் செய்த எட்டாவது விமானத்தில் அருமையான வழி ஒன்றைக் கையாண்டார்.

அது என்ன தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிச் செல்லும் லாரி எங்காவது நின்றிருந்தால், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சக்கரத்தின் மேலே இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். பிளேரியோ அந்த வேலைக்கு ரப்பர் கயிறுகளைப் பயன்படுத்தினார். தரையைத் தொட்டதும் சக்கரம் இரும்புக் குழாய் வழியே மேலே நகரும். ரப்பர் கயிறு இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை, பக்கத்திலிருந்து வீசும் காற்று. அப்போது விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும். விமானம் வேறு பக்கம் நகரும். அப்படியே இறங்கினால், திரும்பாத சக்கரம் ஒடிந்துவிடும். அலுவலக நாற்காலியின் அடியில் சின்னச் சக்கரங்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே திரும்பிக்கொள்ளும். பிளேரியோவின் சக்கரங்களும் அப்படித்தான் திரும்பின.

பதினோராவது விமானத்திலும் இதே அமைப்பை வைத்தார். 1909 ஜூலை 25, அதிகாலை. காலில் தீக்காயம் பட்டு, ஊன்றுகோலுடன் வந்தவர், 25 குதிரைசக்தி இன்ஜினை நம்பிப் பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயின் மேல் பறந்தார். நடுவழியில் கரையே தெரியவில்லை. கையில் திசைகாட்டியும் இல்லை. ஆனாலும் 36 நிமிடங்களுக்கு மேல் பறந்து, இங்கிலாந்தின் டோவர் கோட்டை அருகே வந்துவிட்டார். அங்கே பலத்த காற்று! விமானம் தடாலென்று தரையில் மோதியது. சக்கரப் பகுதி சேதமடைந்தது, உந்துவிசிறியும் உடைந்தது. பிளேரியோவுக்கோ காயம் ஏதுமில்லை! விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் மனிதர் என்ற புகழும், ஆயிரம் பவுன் பரிசும் கிடைத்தன.

இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவருக்கும் ஆசை பிறந்தது. சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு சொந்தமாக விமானம் ஒன்றைச் செய்து, பல்லாவரத்தில் சோதித்து, 1910இல் சென்னை மக்களுக்கு முன் பறந்து காட்டினார்.

பிளேரியோ 1936 ஆகஸ்ட் முதல் தேதி காலமானார். கால்வாயைக் கடந்த அவரது விமானம் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது.

மேலே பறக்க ஆசைப்பட்டால் மட்டும் போதாது, குழந்தைகளே! பத்திரமாக இறங்கவும் வழி தேட வேண்டும். அடுத்த முறை விமானத்தின் படத்தைப் பார்த்தால், முதலில் அதன் கால்களைப் பாருங்கள். விமானம் வரையும்போது சக்கரங்களையும் மறக்காமல் வரைவீர்கள்தானே?