நீரைத் தொடும் உரிமை, நீரை ஆளும் உரிமை: இரட்டைமலை சீனிவாசனின் நிறைவுறாத பணி

விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களைப் பற்றி அரசு பேசும்போதெல்லாம் உள்ளூர் மக்களின் பங்கேற்பு என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த உள்ளூர் மக்கள் யார் என்ற கேள்விதான் எழுவதில்லை. பொது நீர்நிலை என்பதில் உள்ள பொது யாரைக் குறிக்கிறது என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னை மாகாணச் சட்டசபையில் கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். அவரது வாழ்வை நீரின் வழியாக வாசிப்பது இன்று நமக்குத் தேவையாகிறது.

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் சக மாணவர்களோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின் சென்னைக்கு வந்து, 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். இளமையில் மறைக்க நேர்ந்த பெயரையே இதழின் தலைப்பாக்கியது அவரது அரசியலின் முதல் அறிவிப்பு. பின்னர் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார்.

1924 ஆகஸ்டில் அச்சபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொது அலுவலகம், பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றைச் சாதி வேறுபாடின்றி எவரும் பயன்படுத்தலாம் என்றது. சபை அதனை ஏற்றது. 1925இல் அரசிதழிலும் அது வெளியானது. மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது 1927 மார்ச்சில். அதற்கு முன்பே தென்னகத்தில் இந்த உரிமை ஆவணமாகியிருந்தது. 1930இல் தொடங்கிய இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இவ்விருவரும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக ஒருசேர அமர்ந்தனர்.

ஆயினும் தீர்மானம் ஊருக்குள் நடந்து செல்வதில்லை. அதனை நடைமுறைப்படுத்த வேண்டிய ஊர் அதிகாரம் நிலவுடைமைச் சாதிகளின் கையில் இருந்தது. பொதுக் கிணற்றைத் தனியார் கிணறு என்று சொல்லிவிட்டால் தீர்மானம் பயனற்றுப் போகும். குடிநீர் உரிமைக்கு 1938ஆம் ஆண்டின் மாகாணச் சட்டமும், 1950இல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவும் மேலும் வலுச் சேர்த்தன. சீனிவாசன் 1945 செப்டம்பரில் மறைந்தார். நீரைத் தொடும் உரிமைக்கான வழியை அவர் திறந்துவைத்தார். நீரைக் குறித்து முடிவெடுக்கும் உரிமை அடுத்த தலைமுறைகளுக்கு விடப்பட்டது.

அந்த உரிமை இன்று என்ன நிலையில் உள்ளது என்பதை வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஓடும் நிலத்தில் காண்கிறோம். சீனிவாசன் சட்டசபைக்குள் நுழைந்த காலத்தில்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பின்னர் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. மழை குறைந்த வறண்ட வானிலை அத்தொழிலுக்கு ஏற்றதாக இருந்தது. வேளாண்மையை வாட்டிய அதே வறட்சி, நிலமற்றோரை ஆலைகளுக்கு அனுப்பியது. மருந்து அறைகளில் உயிரைப் பணயம் வைப்போரில் தலித் ஆண்களும் பெண்களும் பெருமளவில் உள்ளனர். இவர்களும் கண்மாயை நம்பியே வாழ்கின்றனர். ஆடு மாடுகளுக்குத் தண்ணீர், துணி துவைக்கும் படித்துறை, விறகு, மீன், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் என அனைத்தும் கண்மாயோடு பிணைந்தவை. தென்மாவட்டங்களின் பல ஊர்களில் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிகளாகத் தலைமுறைதோறும் உழைத்தவர்களும் தலித்துகளே.

ஆனால் 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்பினர் தகுதியை ஆயக்கட்டில் நிலம் உடையவர்களோடு பிணைத்துள்ளது. 2017இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துப் பணிகளும் ஆயக்கட்டுதாரர் சங்கங்களின் வழியாகவே நடந்தன. பட்டா இல்லாதவருக்கு வாக்கு இல்லை. மடையைத் திறக்கத் தெரிந்தவருக்கு, அதை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இடமில்லை. இதனைப் பங்கேற்பு என்றழைப்பது நேர்மையாகாது.

உடைமை இல்லாதோருக்கு நிர்வாகத்தில் இடமளிக்க இயலாது என்ற வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. விருதுநகர் வழியாக ஓடும் வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அங்கே கடலுக்குப் பட்டா வைத்திருக்கும் மீனவர் எவருமில்லை. எனினும் 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மாவட்ட அளவிலான குழுக்களில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்றது. அது நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வேறு விவாதம். வாழ்வாதாரமே தகுதி என்ற கொள்கையை ஆற்றின் முகத்துவாரத்தில் அரசு ஒப்புக்கொண்டுள்ளது. அதே ஆற்றுப் படுகையின் கண்மாய்களில் அதனை ஏன் மறுக்கிறது?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது, 1924ஆம் ஆண்டின் தீர்மானம் கேட்ட குறைந்தபட்ச உரிமைகூட எவ்வளவு பலவீனமாக நிற்கிறது என்று நாடு கண்டது. நீர் நிர்வாகத்தில் அதிகாரமின்றி நீர் உரிமை நிலைக்காது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நிலமற்றோர்க்கும் நீர்ப்பாய்ச்சிகளுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமையுடன் கூடிய உறுப்பினர் இடம் வேண்டும். மீன்பாசிக் குத்தகையும் வண்டல் மண் எடுப்பும் கிராமசபையின் முன் திறந்த கணக்காக வைக்கப்பட வேண்டும். சட்டத் திருத்தத்தால் இவை இயலும். சீனிவாசனின் உருவப்படத்துக்கு மாலையிடும் அரசுகள் செய்ய வேண்டிய அடுத்த பணி இதுவே.