கைவிளக்கு ஏந்திய அம்மையார்

நர்சு வேலை இன்று மதிப்புள்ள வேலை. படித்து, பயிற்சி பெற்று, பரீட்சையில் தேறி, பெயரைப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் ஒருவர் நர்சாக முடியும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. இங்கிலாந்தில்கூட, வேறு பிழைப்பு இல்லாதவர்களே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருவார்கள் என்ற கெட்ட பெயரும் இருந்தது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

செல்வக் குடும்பம்

இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி அங்கே அவர் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர்கள். வெளிநாட்டில் தங்கியிருந்தபோது பிறந்த குழந்தைக்கு, அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

தந்தையே மகளுக்கு ஆசிரியர். பல மொழிகளும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். புளோரன்சுக்குக் கணக்கு என்றால் உயிர். அந்தக் கணக்கு பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பிறகு பார்ப்போம்.

வீட்டில் எதிர்ப்பு

நோயாளிகளுக்குப் பணி செய்ய வேண்டும் என்பது புளோரன்சின் ஆசை. 1845-ல், ஆஸ்பத்திரியில் வேலை பழகப் போவதாக வீட்டில் சொன்னார். பெற்றோர் திடுக்கிட்டார்கள். பெரிய இடத்துப் பெண் இந்த வேலைக்குப் போவதா? முடியாது என்று மறுத்துவிட்டார்கள்.

நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். புளோரன்ஸ் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிக்கைகளை வரவழைத்துப் படித்தார்.

கடைசியில், 1851-ல் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போனார். அங்கே சுமார் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவி ஆனார்.

போர்முனை ஆஸ்பத்திரி

1854-ல், கிரிமியாவில் ரஷியாவை எதிர்த்து இங்கிலாந்து போரிட்டது. காயம்பட்ட சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அவர்கள் கவனிப்பார் இல்லாமல் கிடப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. நாடே கொதித்தது.

மந்திரி சிட்னி ஹெர்பர்ட், புளோரன்சின் நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களை அழைத்துக்கொண்டு புளோரன்ஸ் புறப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்.

எங்கும் ஒரே அழுக்கு. எலிகள் ஓடின. சிப்பாய்களின் உடம்பில் பேன் மொய்த்தது. மாற்றிக்கொள்ளச் சட்டை இல்லை.

புளோரன்ஸ் சட்டையும் துணியும் வாங்கினார். துணி வெளுக்கவும், நோயாளிகளுக்கு ஏற்ற உணவு சமைக்கவும் ஏற்பாடு செய்தார். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, கையில் விளக்குடன் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து வருவார். விளக்கு ஏந்திய சீமாட்டி என்ற பெயர் அதனால் வந்தது.

சாவு குறையவில்லை!

இவ்வளவு பாடுபட்டும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில், நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள்!

என்ன காரணம்? கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. காற்று வர வழி இல்லை. மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள், சாவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

1856-ல் ஊர் திரும்பிய புளோரன்ஸ், இறந்தவர்களின் கணக்கை எடுத்துவைத்து ஆராய்ந்தார். வில்லியம் பார் என்ற கணக்கு நிபுணர் உதவினார். குண்டடிபட்டு இறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே அதிகம்!

நோயாளியிடம் அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை அம்மையார் உணர்ந்தார். கண்ணால் கவனிக்க வேண்டும். கவனித்ததை எழுதி வைக்க வேண்டும். சுத்தம் வேண்டும்.

இந்தக் கணக்கை வண்ணப் படமாக வரைந்து மந்திரிகளுக்குக் காட்டினார். ராணுவ ஆஸ்பத்திரிகள் திருந்தின. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும், இங்கிருந்த ராணுவ முகாம்களின் விவரங்களை எழுதி வரவழைத்தார். ஆண்டுதோறும் ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் இறப்பதை 1863-ல் எடுத்துக் காட்டினார்.

நர்சுப் பள்ளிக்கூடம்

மக்கள் அவர் பெயரால் 44 ஆயிரம் பவுன் நிதி திரட்டினார்கள். அதைக்கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். பயிற்சி ஓர் ஆண்டு.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மதிப்பெண் தாள் உண்டு. அதில் என்னென்ன இருந்தன தெரியுமா?

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டத் தெரிய வேண்டும். அசைய முடியாத நோயாளியைப் புரட்டி, படுக்கைப் புண் வராமல் காக்க வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும். இரவும் பகலும் அறையில் நல்ல காற்று இருக்க வேண்டும். நாடி, மூச்சு, தூக்கம், பசி, தோலின் நிறம் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் என்ன மாறுதல் என்று பார்க்க வேண்டும்.

நேரம் தவறாமை, நாணயம், அமைதி ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு!

பதிவுக்கு எதிர்ப்பு

1887-ல், நர்சுகளின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சங்கம் தோன்றியது. அம்மையார் அதை எதிர்த்தார்! பரீட்சையால் அறிவை அளக்கலாம். குணத்தை அளக்க முடியுமா என்பது அவர் கேள்வி.

ஆனால், பயிற்சி இல்லாதவர்களிடமிருந்து நோயாளிகளைக் காக்கப் பதிவு தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1919-ல் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்தது. பதிவு நிலைத்துவிட்டது. குணத்தைப் பற்றி அம்மையார் கேட்ட கேள்வியும் நிலைத்துவிட்டது.

எளிய கல்லறை

போர்முனையில் வந்த காய்ச்சலால் அவர் உடல்நலம் கெட்டது. பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி, 90-வது வயதில் காலமானார்.

மன்னர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. உறவினர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர்க் கோவிலில், பெற்றோர் அருகே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு முதலெழுத்துகளும், பிறப்பு, இறப்பு விவரமும்தான் உள்ளன.

அவர் பிறந்த மே 12-ந்தேதி, உலகம் முழுவதும் நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.