மறதியின் வேரைத் தேடியவர்

பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நமக்குச் சொல்கிறது. கல்லுக்கு வாய்த்த அந்நிலைபேறு மனித மூளைக்கு வாய்ப்பதில்லை. தம் வீட்டுக்குச் செல்லும் வழியையே மறந்து நிற்கும் முதியோரைக் கண்டு, வயதாகிவிட்டது என்று கூறிக் கடந்துவிடுவது நம் சிற்றூர்களின் வழக்கம். ஐரோப்பாவிலும் ஒருகாலத்தில் பெரும்பாலோர் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர்.

அவர் 1864 ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று பவேரியாவின் மார்க்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1888-இல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் பணியேற்றார். நோயாளரைக் கட்டிவைத்தல் பல இடங்களில் இயல்பாயிருந்த காலம் அது. தலைமை மருத்துவர் சியோலியோடு இணைந்து அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்தார். நோயாளரோடு உரையாடுவதும் நுண்ணோக்கியில் மூளைத் திசுவை ஆராய்வதும் அவருக்கு ஒரே பணியின் இரு பகுதிகளாயின.

1901-இன் தொடக்கத்தில் அவருடைய மனைவி செசிலி மறைந்தார்; குழந்தைகள் மூவர் தாயை இழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அகஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்சைமர் அவரருகில் அமர்ந்து எளிய வினாக்களைக் கேட்டார். விடைகளைப் பிழையோடு அப்படியே எழுதிக்கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டால் அப்பெண்மணி தம் பெயரைக் கூறினார். இறைச்சியை உண்டுகொண்டே கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றார். தம்மையே தொலைத்துவிட்டதாக வருந்தினார். முதுமை எய்தாதவருக்கு இத்துணை மறதி ஏன் என்னும் வினா அல்சைமரை விடவில்லை.

பின்னர் அவர் மியூனிக் நகருக்குச் சென்றார். 1906 ஏப்ரலில் அகஸ்தே இறந்ததும், அவரது மூளையை அங்கு வரவழைத்தார். மூளைப் புறணி சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைகளும், அணுக்களுக்கு வெளியே படிவுகளும் தெரிந்தன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் இவற்றை விளக்கினார். ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை! 1910-இல் கிரெப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். அப்புகழின் முழு அளவையும் காணாமலே, 1915 டிசம்பர் 19 அன்று, தம் 51 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அகஸ்தேயைப் பற்றிய அவருடைய குறிப்பேடு 1995-இல் பிராங்பர்ட்டில் கண்டெடுக்கப்பட்டது. அதே பத்தாண்டில், அந்நாளில் உத்திரமேரூரோடு ஒரே மாவட்டத்திலிருந்த திருப்போரூர்ப் பகுதியில் மருத்துவ ஆய்வாளர்கள் முதியோரைச் சந்தித்து அத்தகைய வினாக்களைக் கேட்டனர். அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பேருக்கு மறதிநோய் இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர்.