'என்றென்றும் பெண்மை!' - மெனோபாஸுக்கு மாத்திரையைப் பிரபலமாக்கிய டாக்டர் வில்சனின் கதை

1966-ம் வருடம். அமெரிக்கப் புத்தகக் கடைகளில் ஒரு புத்தகம் பரபரவென விற்கிறது. ஏழே மாதங்களில் ஒரு லட்சம் பிரதிகள். காதல் கதையோ, க்ரைம் நாவலோ இல்லைங்க. மெனோபாஸ் பற்றிய புத்தகம்! பெயர், 'ஃபெமினைன் ஃபாரெவர்'. 'என்றென்றும் பெண்மை' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த கைனகாலஜிஸ்ட் ராபர்ட் வில்சன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கும் சிகிச்சையை, அதாவது ஹெச்.ஆர்.டி-யை, வீட்டுக்கு வீடு பேசவைத்தவர் இவர்தான். அந்தச் சிகிச்சை மேல் இன்றுவரை இருக்கும் பயத்துக்கும் ஒருவகையில் இவரே காரணம். எப்படி?

அம்மாவிடமிருந்து தொடங்கிய கதை

இங்கிலாந்தில் சிறுவனாக இருந்தபோது வில்சன் தன் அம்மாவைக் கவனித்திருக்கிறார். குடும்பத்துக்கே அச்சாணியாக, சுறுசுறுப்பாக இருந்த அம்மா, மெனோபாஸுக்குப் பிறகு வலியும் எரிச்சலுமாக முடங்கிப்போனார். ஏன் இப்படி ஆனார் என்ற கேள்வி தன்னை விடவே இல்லை என்று பின்னாளில் எழுதினார்.

டாக்டரான பிறகு அதற்கு ஒரு பதிலையும் கண்டுபிடித்ததாக நினைத்தார். மெனோபாஸ் நேரத்தில் சினைப்பைகள் ஓய்வெடுக்கத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சரசரவெனக் குறையும். அதனால்தான் திடீரென உடம்பு கொதிப்பது, நடுராத்திரி வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, பிறப்புறுப்பு வறண்டுபோவது, எலும்பு தேய்வது எல்லாம். 'குறைந்ததைத் திருப்பிக் கொடுத்துட்டா போதுமே' என்பது வில்சனின் லாஜிக். இன்சுலின் குறைந்தால் சர்க்கரை நோய், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மெனோபாஸ். அவரைப் பொறுத்தவரை ரெண்டுமே நோய்தான்.

மருந்தும் ரெடியாக இருந்தது. கர்ப்பமான பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜனில் செய்த 'பிரெமரின்' மாத்திரைக்கு 1942-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது.

304 பெண்கள்... ஒரு ஆய்வு

1962-ல் பிரபல மருத்துவ இதழ் ஒன்றில் வில்சனின் கட்டுரை வெளியானது. தன்னிடம் ஹார்மோன் எடுத்துக்கொண்ட 304 பெண்களில் வழக்கமாக 18 பேருக்காவது புற்றுநோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்குக்கூட மார்பகத்திலோ கர்ப்பப்பையிலோ வரவில்லை என்றார். ஹார்மோன் புற்றுநோயைத் தடுக்கிறது என்கிற அளவுக்குப் போனார்.

கேட்க சூப்பராகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 304 பேரும் அவருடைய சொந்த பேஷன்ட்டுகள். ஹார்மோன் எடுக்காத பெண்களை அதே போலக் கண்காணித்து ஒப்பிடவே இல்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதானே முக்கியம்?

அடுத்த வருடமே மனைவி தெல்மாவுடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை. வயதுக்கு வந்த நாளிலிருந்து சாகும்வரை பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறையவே விடக் கூடாது என்பது தம்பதியின் கோரிக்கை.

துப்பாக்கியோடு வந்த கணவர்

புத்தகத்தில் ஒரு சம்பவம் வரும். புரூக்ளினைச் சேர்ந்த ஒரு தாதா வில்சனின் க்ளினிக்குக்கு வருகிறார். மனைவி சரியாகச் சமைப்பதில்லை, எந்நேரமும் சிடுசிடுக்கிறாள், இவளைக் குணப்படுத்தாவிட்டால் கொன்றுவிடுவேன் என்கிறார். பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் காட்டுகிறார். வில்சன் அந்த மனைவிக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போடுகிறார்.

யோசிச்சுப் பாருங்க. துப்பாக்கி கணவர் கையில். ஊசி மனைவிக்கு!

புத்தகம் முழுக்க இந்தப் பார்வைதான். மாத்திரை எடுக்காத நடுத்தர வயதுப் பெண்களை உயிரோடு சிதைந்துகொண்டிருப்பவர்கள் போல வர்ணித்தார். மாத்திரை எடுத்தால் இளமை, தாம்பத்யம், வீட்டில் நிம்மதி எல்லாம் கேரன்டி என்றார். 'வோக்', 'லுக்' போன்ற பத்திரிகைகளில் புத்தகத்தின் பகுதிகள் வர, பெண்கள் டாக்டர்களிடம் தாங்களாகவே போய் மாத்திரை கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்னொரு தரப்பு டாக்டர்கள் இந்தப் பெண்களின் அவஸ்தையை 'எல்லாம் மனசுதான்' என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்த காலம் அது. உங்க கஷ்டம் நிஜம், அதுக்கு மருந்து இருக்கு என்று ஒரு டாக்டர் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

பணம் எங்கிருந்து வந்தது?

வில்சன் தன் பெயரில் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை வைத்திருந்தார். அதற்கு நிதி கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சியர்ல், அயர்ஸ்ட், அப்ஜான். அதாவது, ஹார்மோன் மருந்து விற்ற கம்பெனிகள் அல்லது அவற்றைச் சார்ந்த அமைப்புகள்! புத்தகம் எழுதிய செலவையும் பிரெமரின் கம்பெனிதான் ஏற்றுக்கொண்டது என்று 2002-ல் அவர் மகன் வெளிப்படையாகச் சொன்னார்.

புத்தகம் வந்த 1966-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ விழித்துக்கொண்டது. ஒரு மருந்தை விளம்பரம் செய்பவரே அதை ஆராய முடியாது என்று, சியர்ல் கம்பெனியின் ஹார்மோன் மாத்திரை ஆய்வில் வில்சனை ஏற்க மறுத்தது. ஆனால், விற்பனை நிற்கவில்லை. 1975-ல் மட்டும் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மருந்துச்சீட்டுகள் சுமார் 2.8 கோடி.

1975 டிசம்பர்... விழுந்தது அடி

அந்த மாதம் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல் என்றன இரண்டும்.

காரணம் இதுதான். ஈஸ்ட்ரோஜன், கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன்தான் அதற்கு பிரேக் போடும். பிரேக் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்தால்? வில்சனேகூட இரண்டையும் சேர்த்துக் கொடுக்கத்தான் சொல்லியிருந்தார். ஆனால், பல பெண்களுக்குக் கிடைத்தது வெறும் ஈஸ்ட்ரோஜன். சில வருடங்களிலேயே மருந்துச்சீட்டுகள் ஏறக்குறைய பாதியாகின.

1980-களின் தொடக்கத்தில் வில்சன் இறந்தார். தெல்மாவும் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்தான், அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்ற விஷயத்தையும் 2002-ல் அதே மகன்தான் சொன்னார். அதற்குக் காரணம் ஹார்மோன்தான் என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், ஊருக்கெல்லாம் மாத்திரை சிபாரிசு செய்த வீட்டில் நடந்த அந்த விஷயம், மாத்திரை வாங்கிய பெண்களுக்குத் தெரியவே இல்லை.

2002... மறுபக்கம் சாய்ந்த தராசு

புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஹெச்.ஆர்.டி மறுபடி சூடுபிடித்தது. 2002 ஜூலையில் அடுத்த இடி. 16,608 பெண்களைக் கொண்ட 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், வருடத்துக்கு 10,000 பெண்களுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கும், 8 பேர் பக்கவாதத்துக்கும் ஆளானார்கள். இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது.

உலகம் முழுக்க பீதி. பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். ஆனால், அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஹாட் ஃப்ளாஷில் தவிக்கும் 48, 50 வயதுப் பெண்ணுக்கு அதே கணக்கை அப்படியே போட முடியாது. வில்சன் காலத்தில் தேவையில்லாதவர்களுக்கும் மாத்திரை கிடைத்தது. இப்போது தேவையானவர்களுக்கும் கிடைக்காமல் போனது.

இன்றைக்கு நிலைமை என்ன?

60 வயதுக்குள் இருப்பவர்கள் அல்லது மாதவிடாய் நின்று 10 வருடம் ஆகாதவர்களுக்கு, தொந்தரவு அதிகமாக இருந்தால், பெரும்பாலும் பலனே கூடுதல் என்கின்றன இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் கட்டாயம்.

ஆக, வில்சன் கையில் இருந்தது போலி மருந்து இல்லை. 'எல்லோருக்கும், எப்போதும்' என்று அவர் ஒட்டிய லேபிள்தான் தப்பு. இளமையைத் திருப்பித் தருகிறேன் என்று இன்று ரீல்ஸில் யாராவது ஹார்மோன் விற்றால், மூன்று கேள்வி கேளுங்க. யாருக்கு? எத்தனை நாளைக்கு? இதைச் சொல்ல இவருக்குப் பணம் கொடுத்தது யார்?

உங்க அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை முழு ஸ்பீடில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுடாதீங்க. ஒரு நல்ல கைனகாலஜிஸ்ட்டிடம் கூட்டிட்டுப் போங்க. மாத்திரை வேணுமா, வேண்டாமா என்ற முடிவை அம்மாவும் டாக்டரும் பேசி எடுக்கட்டும்.