கோட்டைக்குள் ஒரு மூலிகைத் தோட்டம்: சரபோஜி மன்னர்

பள்ளி விடுமுறையில் தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது வழக்கம். அந்தப் பூங்காவை ஒட்டி, 1779இல் கட்டப்பட்ட ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம்: மரணப் படுக்கையில் ஒரு பாதிரியார், அவர் கையைப் பற்றி நிற்கும் ஓர் இளைஞர். அந்த இளைஞர்தான் இரண்டாம் சரபோஜி மன்னர்.

1777இல் பிறந்தவர் சரபோஜி. வாரிசு இல்லாத தஞ்சை மராத்திய மன்னர் துளஜா, 1787இல் தம் இறுதி நாட்களில் அவரைத் தத்தெடுத்து, ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். ஆனால் அரியணை துளஜாவின் சகோதரர் அமர்சிங்கிடம் போனது. பத்து வயதுப் பிள்ளை அரண்மனையில் அடைபட்டு, படிப்பும் இல்லாமல் தவித்தார். ஸ்வார்ட்ஸ் கம்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டதால் 1793இல் சென்னைக்கு வந்து படிக்க முடிந்தது.

1798 ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். வளர்த்தவருக்காக லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லி அந்தப் பளிங்குச் சிற்பத்தைச் செய்வித்தார் மன்னர். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே ஒரு கவிதையும் எழுதினார்.

மறு ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1799 உடன்படிக்கைப்படி, நெல் விளையும் காவிரிச் சீமையின் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அப்போது அவருக்கு வயது 22.

ஆள நாடில்லை, கையில் பணமும் நேரமும் இருந்தன. வேட்டையிலும் விருந்திலும் காலம் கழித்திருக்கலாம். சரபோஜி அந்தக் கோட்டையையே ஒரு கல்விச்சாலையாக்கினார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என நான்கு துறையினரும் சேர்ந்து மருந்துகளை ஆராய்ந்தார்கள். மருந்துக்காக மூலிகைகள் வளர்க்கப்பட்டன. ஓவியர்கள் அவற்றை இலை, பூ, காய் தெரிய வண்ணத்தில் வரைந்தார்கள். கண் நோயாளிகளின் கண்களையும் படமாக வரைந்து, அளித்த சிகிச்சையைப் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். 1805இல் தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சகம் ஒன்றும் அரண்மனையில் தொடங்கியது.

நாயக்கர் காலத்திலிருந்து வந்த சரஸ்வதி மகால் நூலகத்தை அவரே பெருக்கினார். 1820இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை கிளம்பியவர், போன இடங்களில் சுவடிகளையும் தேடினார். மேல்நாட்டு நூல்களையும் விலைக்கு வாங்கிச் சேர்த்தார்.

1832இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், மிச்சமிருந்த அரசுரிமையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நூலகம் மட்டும் தப்பித்தது. 1918இல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் போட்டு வாங்கிய கம்பெனி இன்று இல்லை. கோட்டைக்குள் முடங்கிய மன்னர் சேர்த்த ஏடுகள் இருக்கின்றன.

அடுத்த முறை தஞ்சை போகும்போது, பூங்காவோடு திரும்பிவிடாமல் தேவாலயத்தையும் அரண்மனை வளாகத்திலுள்ள சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, நம் வளாகத்தின் மதிலோரத்தில் துளசி, தூதுவளை, ஆடாதோடை என நாலு மூலிகைச் செடிகளை அவர்கள் கையாலேயே நடச் சொல்லி, வளர வளர நோட்டில் வரையச் சொல்லலாம். நமக்கிருக்கும் இடமும் சின்னதுதான், அது போதும்.