பாலத்தை உருள வைத்த பொறியாளர்

ஆற்றைக் கடக்க மக்களுக்குப் பாலம் வேண்டும். அதே ஆற்றில் செல்லும் கப்பல்களுக்கோ அந்தப் பாலமே தடையாகிவிடும். இந்தச் சிக்கலுக்குப் புதிய தீர்வு கண்டவர் வில்லியம் ஷெர்சர் எனும் அமெரிக்கப் பொறியாளர். இவர் 1858ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், இல்லினாய் மாநிலத்திலுள்ள பெரு எனும் ஊரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கட்டுமானப் பொறியியல் பயின்று 1880இல் பட்டம் பெற்றார். பின்னர், நாடு திரும்பி இரும்புப் பாலங்கள் அமைக்கும் துறையில் பணியாற்றினார்.

அந்நாளில் சிகாகோ ஆற்றில் சுழல் பாலங்களே மிகுதியாக இருந்தன. ஆற்றின் நடுவே நிற்கும் தூணின் மீது பாலம் சுழன்று கப்பலுக்கு வழிவிடும். ஆனால், அந்த நடுத்தூண் கப்பல் செல்லும் பாதையைக் குறுக்கியது. பாலம் சுழல இருபுறமும் நிறைய இடமும் தேவைப்பட்டது. இந்நிலையில், நான்கு தண்டவாளங்களைக் கொண்ட புதிய இரயில் பாலம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு ஷெர்சரிடம் வந்தது. அதற்கு மிக அருகிலேயே வான் பியூரன் தெருவின் சுழல் பாலம் இருந்தது. இன்னொரு பாலம் சுழல அங்கு இடமில்லை.

ஷெர்சர் வேறு வழியைச் சிந்தித்தார். பாலத்தை நடுவில் இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியின் கரையோர முனையையும் ஆடும் நாற்காலியின் கால்களைப் போல வளைவாக அமைத்தார். அவ்வளைவு பின்னோக்கி உருளும்போது பாலத்தின் மறுமுனை மேலே எழும். பாலம் கரைப்பக்கம் நகர்ந்துவிடுவதால் கப்பலுக்கு அகலமான வழி கிடைக்கும். நடுத்தூணும் தேவையில்லை. மேலும், கரைப்பக்கத்தில் எடைக்கட்டி பொருத்தப்பட்டதால் இருபுறமும் சமநிலை ஏற்பட்டது. தோட்டத்தில் காண்டா கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைச் சமமாகத் தொங்கவிட்டால் சுமப்பது எளிதாகும் அல்லவா? அதுபோல, சமநிலை பெற்ற பெரும் பாலத்தைச் சிறிய விசையாலேயே அசைக்க முடிந்தது.

ஆயினும், தம் பாலம் எழுவதைக் காண ஷெர்சருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1893ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், தமது 35ஆம் வயதில் அவர் காலமானார். அவரது கண்டுபிடிப்புக்கான காப்புரிமைகூட அதே ஆண்டு டிசம்பரில்தான் கிடைத்தது. அண்ணனின் கனவு வரைபடத்தோடு நின்றுவிடாமல் தம்பி ஆல்பர்ட் பொறுப்பேற்றுப் பணியைத் தொடர்ந்தார். 1895இல் அந்த இரயில் பாலம் திறக்கப்பட்டது. வான் பியூரன் தெருவின் பழைய சுழல் பாலமும் அகற்றப்பட்டு, மக்களும் வண்டிகளும் செல்ல அதே முறையில் புதிய பாலம் அமைந்தது.

தமிழ்நாட்டிலும் இம்முறை பயன்பட்டது. இராமேசுவரம் தீவை இணைக்கும் பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று நீளமான அந்த இரயில் பாலத்தின் இடையே, கப்பல்களுக்காகத் திறக்கும் பகுதி ஷெர்சர் முறையில் அமைந்தது. அதை மின்விசையின்றி, தொழிலாளர்கள் கையாலேயே இயக்கினர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய கடும்புயலில் பாலத்தின் 146 கண்களுள் 126 சிதைந்தன. ஷெர்சர் பகுதியோ தாக்குப்பிடித்து நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் பாலத்தைச் சீரமைத்தது.

இன்று நகரும் பாலங்கள் பல வடிவங்களில் உள்ளன. நம் நாட்டில், குவாலா திரங்கானுவில் 2019இல் திறக்கப்பட்ட பாலமும் நடுவில் பிரிந்து மேலெழும். பாம்பனில் 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி மின்தூக்கியைப் போல நேராக உயர்கிறது. பழைய பாலம் 2022இல் ஓய்வு பெற்றது. 35 ஆண்டுகளே வாழ்ந்த ஒருவரின் சிந்தனை, அங்கு 108 ஆண்டுகள் இரயிலுக்கும் கப்பலுக்கும் மாறி மாறி வழிவிட்டது.