ஸாமுவேல் இன்ஸல்

மின்சாரத் தொழிலில் போட்டி வேண்டுமா, கட்டுப்பாடு வேண்டுமா என்று வாதிடுவோர் ஸாமுவேல் இன்ஸலின் சரித்திரத்தை அறிதல் அவசியம்.

1859-ம் வருஷம் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்த இவர், சுருக்கெழுத்துப் பயின்று, இருபத்தொரு வயதில் எடிஸனின் அந்தரங்கக் காரியதரிசியாக அமெரிக்கா சென்றார். 1892-ல் சிகாகோ எடிஸன் கம்பெனியின் தலைவரானார்.

அப்பொழுது அந்நகரில் இருபதுக்கு மேற்பட்ட மின்சாரக் கம்பெனிகள் போட்டியிட்டன. போட்டியால் விலை மலியும் என்பது பொதுஜன நம்பிக்கை. இன்ஸல் அதனை ஏற்கவில்லை. மின்சாரத்தைக் களஞ்சியத்தில் நெல்லைப்போல் அன்று சேமித்து வைக்க இயலாது. மாலை விளக்குக்கென்று நிறுவிய யந்திரம் பகலில் வாளாவிருக்கும். அதற்கிட்ட முதலுக்கோ வட்டி இரவும் பகலும் ஏறும். டிராம் வண்டிக்கும் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் ஒரே நிலையம் சக்தி வழங்கினால் யந்திரம் ஓயாது, விலையும் குறையும். இக்கணக்கை நம்பிப் போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கினார், கட்டணத்தையும் குறைத்தார்.

நகரசபையார் சிலர் 1897-ல் பெயரளவில் ஒரு கம்பெனியைத் தோற்றுவித்து, 50 வருஷ உரிமையும் அளித்து, அதை அவர் தலையில் பெருவிலைக்குக் கட்டப் பார்த்தனர். அமெரிக்க யந்திரங்களைச் சிகாகோவில் வாங்கும் உரிமையை அவர் முன்னமே தமதாக்கியிருந்ததை அவர்கள் அறியார். யந்திரம் கிடைக்காத அவ்வுரிமையை 50,000 டாலருக்கு அவரிடமே விற்றொழித்தனர். சாமர்த்தியந்தான், ஆயினும் இத்தகைய சாமர்த்தியத்திற்குக் கடிவாளம் வேண்டாமா?

கடிவாளத்தை அவரே கேட்டது விந்தை. ஒரு பிரதேசத்திற்கு ஒரே கம்பெனி, கட்டணத்தை நிர்ணயிக்கச் சர்க்கார் கமிஷன் என்று 1898-ல் தொழிலதிபர் சபையில் வற்புறுத்தினார். சக முதலாளிகள் திகைத்தனர். 1907-ல் விஸ்கான்ஸினும் நியூயார்க்கும் அவ்வழியில் சட்டம் இயற்றின.

ஆனால் கமிஷனின் அதிகாரம் ராஜ்ய எல்லையுடன் நின்றது. இன்ஸலோ கம்பெனிகளை உடைமையாகக் கொண்ட கம்பெனிகள், அவற்றுக்கு மேலும் கம்பெனிகள் என அடுக்கி, முப்பது ராஜ்யங்களுக்கு மேல் பரவினார். 1932-ல் அடுக்குச் சரிந்தது. சிறு பங்குதாரர்களின் சேமிப்பு மாய்ந்தது. ஐரோப்பாவுக்கு ஓடியவரை 1934-ல் இஸ்தான்புல்லில் பிடித்துக் கொணர்ந்தனர். மோசடி வழக்கில் ஜூரர்கள் விடுவித்தனர். பங்குதாரர்களுக்கு அத்தீர்ப்பால் ஒரு காசும் திரும்பவில்லை. 1938-ல் பாரிஸ் நகரச் சுரங்க ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார்.

அத்தகைய அடுக்குகளை ஒடுக்க 1935-ல் பிறந்த சட்டம் 2005-ல் ரத்தாயிற்று. அதற்கு முன்னரே, 1996-ல் கலிபோர்னியா போட்டிக்குக் கதவைத் திறந்தது. 2000, 2001-ம் வருஷங்களில் மொத்த விலை பன்மடங்கு ஏறி, ஊர்கள் முறைவைத்து இருளில் கிடந்தன. இன்ஸல் வகுத்த பிரதேச ஏகபோகமும் கமிஷனும் அமெரிக்க ராஜ்யங்கள் பலவற்றில் இன்றும் நிலவுகின்றன.